முதல் வரிசைக் கல்

எங்கள் ஊர் வட்டரங்கில், மணலை ஒட்டிய முதல் வரிசையில், என் மகன் பெயர் வெட்டிய கல் ஒன்று இருக்கிறது. சபீனஸ் என்று ஆழமாக வெட்டி, எழுத்துக்குள் சிவப்புச் சாயம் தடவியிருக்கிறார்கள். நான் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, உட்காரவும் விடமாட்டார்கள். பெண்களுக்கு இடம் உச்சியில், புறா எச்சமிடுகிற மரப்பலகையில். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கல் ஒரு பல் அளவுக்குத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வெளியூர்க்காரன் எவனாவது எங்கள் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் சந்தைக்கும் போக வேண்டாம், கோவிலுக்கும் போக வேண்டாம். வாள்சண்டை நடக்கிற நாளில் உச்சியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். அடியில் ஊர்ச்சபைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பரம்பரைப் பணக்காரர்கள், அப்புறம் வெள்ளை அங்கி உடுத்த வக்குள்ள குடிமக்கள், அதற்கு மேலே அழுக்குத் துணிக்காரர்களும் அடிமைகளும், கடைசியில் நாங்கள். எங்களுடையது சலவைப் பட்டறை. கீழே தெரிகிற அத்தனை வெள்ளையும் எங்கள் தொட்டியில், அழுக்கை எடுக்கிற மூத்திரத்தில் ஊறி மிதிபட்டுப் போனது. எவன் அங்கியில் மீன்சாறு சிந்தியிருந்தது, எவன் அங்கியில் பெண்டாட்டியுடையதல்லாத வாசனைத் தைலம் வீசியது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. சலவைக்கார சோசிமஸின் பெண்டாட்டி, அவ்வளவுதான். என் பெயர் தல்லூசா.

என் சின்ன வயதில் இந்தக் கல் அரங்கு கிடையாது. சந்தைத் திடலில் பலகைத்தட்டு அடித்துத்தான் சண்டை நடக்கும். ஒரு திருவிழாவில் அந்தத் தட்டு சரிந்து விழுந்தது. எஜமான், அடிமை, ஆண், பெண் என்று பாராமல் எல்லோரையும் ஒன்றாகப் போட்டு நசுக்கியது. எங்கள் ஊர் ஜனங்கள் கலந்து கிடந்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு கல்லில் கட்டினார்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள்.

சோசிமஸும் நானும் ஹெர்தோனியஸ் என்ற எஜமானர் வீட்டு அடிமைகள். அவர் சோசிமஸை விடுதலை செய்தார். சோசிமஸ் சம்பாதித்து என்னை விடுவித்துக் கட்டிக்கொண்டார். எங்களுக்குச் சபீனஸ் பிறந்தான். பிறக்கும்போதே அடிமையில்லாமல் பிறந்த முதல் ஆள், எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும்.

ஆனால் அந்த வீட்டில் என் தம்பி இருந்தான். மிக்கோ. அவனைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். எனக்கே அப்போது பால்பல் விழுந்து முடியவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். நான் விடுதலையாகிப் போன பிறகும் அவன் அந்த வீட்டில்தான் கிடந்தான். கிடைத்த நேரத்துக்கெல்லாம் பட்டறைக்கு ஓடிவந்து சபீனஸைத் தோளில் ஏற்றிக்கொள்வான். சபீனஸ் அவன் முடியைப் பிடித்து இழுத்துக் குதிரை ஓட்டுவான். மகனுக்கு மூன்று வயது இருக்கும்போது, எஜமானரின் மருமகன் மிக்கோவை என்னவோ சொல்லித் திட்ட, இவன் அவன் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டான். மறுநாளே அவனைக் கபுவாவில் இருக்கிற வாள்சண்டைக் கூடத்துக்கு விற்றுவிட்டார் ஹெர்தோனியஸ். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"அக்கா, என் பங்குக் கஞ்சிய எடுத்து வை. வந்துடறேன்" என்று கத்தினான். சிரித்துக்கொண்டுதான் போனான்.

சபீனஸ் வளர்ந்து கேட்டபோது, மாமா காய்ச்சலில் செத்துப்போனார் என்று சொல்லிவிட்டார் சோசிமஸ். வாள்சண்டைக்காரன் என்றால் ஊரில் என்ன மரியாதை என்பது எனக்கும் தெரியும். சுவரெல்லாம் அவன் பெயரைக் கிறுக்குவார்கள், பெண்கள் அவன் வியர்வையைப் புட்டியில் வாங்குவார்கள். ஆனால் அவனோடு ஒரே சுடுகாட்டில் கிடக்க மாட்டார்கள்.

சபீனஸுக்குப் பதினெட்டு முடிந்ததும் சோசிமஸுக்கு ஆசை பிடித்தது. அடிமையாக இருந்தவன் ஊர்ச்சபையில் உட்கார முடியாது. அடிமையாக இருந்தவனின் மகன் உட்காரலாம். வயது போதாதுதான், ஆனால் காசுக்கு வயது கிடையாது. ஊருக்கு ஒரு சண்டைக்காட்சி கொடுத்தால் சபைக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். சண்டைக்காட்சி என்பது ஆதியில் செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை, அதனால் இன்றைக்கும் யாராவது ஒரு பிணத்தின் பெயரைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். யார் நினைவாகக் கொடுக்கப்போகிறோம் என்று கேட்டேன்.

"வேற யாரு? பழைய எஜமானர் நினைவாத்தான். அதானே முறை."

"என் தம்பிய வித்தவனுக்கா?"

"தல்லூ, ஊர் வழக்கத்த நான் மாத்த முடியுமா?"

அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. விழுந்தவனை விடுவதா வெட்டுவதா என்று கை காட்டுகிற உரிமை காட்சி கொடுக்கிறவருக்கு மட்டும்தான். வாழ்நாளில் ஒரே ஒரு நாள், என் புருஷன் கையில் அந்த உரிமை இருக்கும். எழுந்து வந்து சொன்னேன்.

"கபுவாக் கூட்டத்தக் கூப்பிடுங்க."

"அவங்க வாடகை நெருப்பு விலையாச்சே. பக்கத்து ஊர்க் கூட்டம் போதாதா?"

"மிக்கோ கபுவாவுலதான் இருக்கான்."

சோசிமஸ் என் முகத்தைப் பார்த்தார். மனுஷர் நல்லவர். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மறுநாளே கழுதை வண்டி கட்டிக்கொண்டு கபுவாவுக்குப் போனார். மிக்கோவை விலைக்குக் கேட்டிருக்கிறார். கூடத்துக்காரன் சிரித்தானாம்.

"மின்னலயா கேக்கறீங்க? அவனப் பாக்கத்தான்யா ஜனமே வருது! சும்மா விலைக்கெல்லாம் தர முடியாது. உங்க காட்சியில இறக்கறேன். ஜனம் அவனுக்கு மரவாள் குடுன்னு கேட்டா, விலையக் குடுத்துட்டுக் கையோட கூட்டிட்டுப் போங்க. ஜனம் கேக்கணும், அதான் வழக்கம்."

மின்னல் என்பது அரங்குக்காக அவனுக்கு வைத்த பெயர். மரவாள் கிடைத்தவன் திரும்ப மணலில் இறங்க வேண்டியதில்லை. அதற்குத்தான் ஒப்புக்கொண்டு வந்தார். மிக்கோ ஜெயித்தால் மரவாள். தோற்றாலும் விட்டுவிடு என்று கை காட்டப்போவது அவன் அத்தான்தானே. இரண்டு பக்கமும் வழி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

சபீனஸிடம் சொல்லிவிடலாம் என்றேன். சோசிமஸ் கும்பிடாத குறையாகத் தடுத்தார்.

"சபையில உக்காரட்டும், அப்புறம் நானே சொல்றேன். இப்பச் சொன்னா, வயசுப் பையன், முகத்துல தெரிஞ்சுடும். சண்டைக்காரனோட அக்கா மகன்னு எவனாவது கிளப்பிவிட்டா எல்லாம் போச்சு."

இன்னொரு சிக்கலும் இருந்தது. கூட்டத்தை வாடகைக்குப் பேசும்போது ஒரு வழக்கம் உண்டு. சண்டைக்காரன் உயிரோடு திரும்பினால் வாடகை மட்டும். செத்தால் முழு விலை. இது எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆகவே, தோற்றவனை விட்டுவிட்டால் அதைக் கருணை என்று சொல்ல மாட்டார்கள், கணக்குப் பார்க்கிறான் என்பார்கள். பரம்பரைப் பணக்காரன் விட்டால் பெருந்தன்மை. எங்களைப் போன்றவர்கள் விட்டால் கஞ்சத்தனம். நான் அவரிடம் முன்கூட்டியே சொன்னேன்.

"முதல்ல விழறவன வெட்டச் சொல்லுங்க. ரெண்டாவது ஆளயும் வெட்டச் சொல்லுங்க. இவன்கிட்ட காசு இருக்குன்னு ஜனம் வாயப் பொளக்கட்டும். அப்புறம் மிக்கோவ விட்டா எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

சோசிமஸ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவங்களும் எவளோ ஒருத்திக்குத் தம்பிதானே தல்லூ? எல்லாரையும் விட்டுடறேன். அப்ப மிக்கோவ விடறது வித்தியாசமாத் தெரியாது. இவன் இளகின மனசுக்காரன், இவன் வழக்கமே இப்படித்தான்னு நினைச்சுக்குவாங்க."

"இளகின மனசுன்னு யாரு சொல்லப்போறா? மூத்திரத் தொட்டிக்காரன்னுதான் சொல்லுவாங்க."

நான் கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் நல்லவராக இருந்ததற்கு நான் விலை கொடுத்தேன்.

சண்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் சண்டைக்காரர்களுக்கு ஊர் விருந்து. பொது இடத்தில் மேசை போட்டு இறைச்சியும் திராட்சை மதுவும் வைப்பார்கள். நாளைக்குச் சாகப்போகிறவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று பார்க்க ஊரே வரும். தோளைத் தட்டிப் பார்ப்பார்கள், கையைக் கிள்ளிப் பார்ப்பார்கள், பந்தயம் கட்டுவார்கள். நான் ரொட்டிக்கடை விபியாவோடு போனேன். விபியாவுக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு மூடிபோட்ட சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"என்னடி அது? காட்சி குடுக்கறவர் பெண்டாட்டி மிச்சம் மீதி அள்ளிட்டுப் போகவா வந்திருக்க?" என்று விபியா சிரித்தாள்.

அவனை உடனே தெரிந்துவிட்டது. மூக்கு உடைந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது, புருவத்தில் தழும்பு, கழுத்து மாட்டுக்கழுத்து மாதிரி ஆகியிருந்தது. ஆனால் இடதுகாலை மடக்கிக்கொண்டு உட்கார்கிற அந்தப் பழக்கம் அப்படியே இருந்தது. இரண்டு பெண்கள் அவன் கையைத் தொட்டுத் தொட்டுக் கெக்கலித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகிறவரைக்கும் காத்திருந்து, சட்டியை அவன் முன்னால் வைத்தேன்.

மூடியைத் திறந்தான். கோதுமைக் கஞ்சி. அவன் தலை நிமிரவே இல்லை.

"ஆறிப்போச்சுக்கா" என்றான்.

"பதினஞ்சு வருஷமா எடுத்து வச்சிருந்தா ஆறாதா?"

தலையைக் குனிந்துகொண்டே முழுக் கஞ்சியையும் வழித்துத் தின்றான். எதிரே வறுத்த பன்றித் தொடை தொடாமல் கிடந்தது. யாரும் கவனிக்காதபடி திட்டத்தைச் சொன்னேன். நாளைக்குக் கை காட்டப்போவது சோசிமஸ் என்று சொன்னதும் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"அத்தானா? தொட்டியில நின்னு மிதிக்கறப்ப எலியப் பாத்தாக் கத்துவாரே, அவரா?" என்று சிரித்தான். "போக்கா! அப்ப நாளைக்கு நான் பயமே இல்லாம இறங்கலாம். பதினஞ்சு வருஷத்துல இதுதான் முதல் தடவ."

"ஜாக்கிரதையா இரு."

"எனக்கென்னக்கா, சொந்த வீட்டு விசேஷம் மாதிரி. ஆமா, பையன் எங்க?"

தூரத்தில் சபைக்காரர்களோடு நின்ற சபீனஸைக் காட்டினேன். சபைக்கு நிற்கிறவன் அங்கிக்குச் சுண்ணாம்பு தேய்த்து எல்லோரையும்விட வெள்ளையாக உடுத்த வேண்டும். நானே தேய்த்த அங்கி அது, கண் கூசும்.

"அம்மாடி! இவனா என் தலைமுடியப் பிச்சவன்? என்னப் பத்தித் தெரியுமா?"

"தெரியாது. அப்புறம் சொல்றேன்னு உங்க அத்தான் சொல்றார்."

"சொல்லவே வேணாம்க்கா. நல்லா இருக்கட்டும்" என்றான். பிறகு சட்டியைத் துடைத்து, மூடியைப் போட்டு என்னிடம் கொடுத்தான்.

மறுநாள் வெயில் ஏறுமுன்பே அரங்கு நிறைந்துவிட்டது. நிழலுக்காகக் கட்டிய பெரிய பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அடியில், மணலை ஒட்டிய மேடையில், சோசிமஸ் ஒரு வெள்ளைப் புள்ளி. அவருக்குப் பக்கத்தில் இன்னும் பளிச்சென்று ஒரு புள்ளி, அது சபீனஸ். இந்த உயரத்திலிருந்து யார் முகமும் தெரியாது. துணியை வைத்துத்தான் நான் ஆளைக் கண்டுபிடிப்பேன்.

முதல் சோடியில் தோற்றவன் ஒரு விரலை உயர்த்தினான். அதுதான் விட்டுவிடச் சொல்லிக் கேட்கிற அடையாளம். சோசிமஸ் விட்டுவிடச் சொல்லிக் கை காட்டினார். ஜனம் கைதட்டியது. நன்றாகத்தான் சண்டை போட்டிருந்தான், அதனால். இரண்டாவது சோடியில் தோற்றவனையும் விட்டார். கைதட்டல் இல்லை. எங்களுக்குக் கீழ்வரிசையில் அழுக்குத் துணிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் சண்டையில் பயந்து பின்வாங்கியவன். அவனையும் விட்டார்.

"யோவ் சோசிமஸ்! காசு கரையுதாய்யா?" என்று ஒருவன் எழுந்து கத்தினான்.

"மூத்திரத்துல சம்பாதிச்சது, ஒவ்வொரு சொட்டா எண்ணித்தான் விடுவான்!" என்றான் இன்னொருவன். நாலாபக்கமும் சிரிப்பு. யாரோ அதற்கு மெட்டுப் போட்டுப் பாட, ஒரு பக்கம் முழுக்கச் சேர்ந்து பாடியது. பட்டறை வாசலில் வைத்திருக்கிற எங்கள் பானையில் தினமும் பெய்துவிட்டுப் போகிறவர்கள்தான் பாடினார்கள்.

விபியா என் தொடையில் இடித்தாள். "என்னடி தல்லூ, உன் புருஷன் வீட்டுல கோழிகூட அறுக்க மாட்டானா? நாங்க இங்க புறா எச்சத்துல உக்காந்திருக்கறது கட்டிப்பிடிச்சுக்கறதப் பாக்கவா?"

"வாய மூடுடி."

"ஊர் வாயவே மூட முடியல, என் வாய மூடறா!"

அப்போதுதான் மிக்கோ இறங்கினான். மின்னல், மின்னல் என்று கூட்டம் எழுந்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எதிரே ஆளுயரக் கேடயக்காரன். மிக்கோவுக்கு வளைவாளும் சின்னக் கேடயமும். ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் அவன் கேடயத்தைத் தாழ்த்திப் பிடித்திருந்தான். சண்டை பார்த்துப் பார்த்து எங்களுக்கெல்லாம் இது தெரியும்: பயந்தவன் கேடயம் மோவாயில் முட்டும். மிக்கோ கேடயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விளையாடினான். நடுவில் ஒருமுறை மேடையைப் பார்த்து வாளை உயர்த்தி வணக்கம்கூட வைத்தான். பயம் இல்லாதவன் அப்படித்தான் செய்வான். பதினைந்து வருஷம் அவனைக் காப்பாற்றியது அந்தப் பயம்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எதிராளியின் வாள் அவன் தொடையில் இறங்கியது. மிக்கோ ஒரு காலில் குதித்துப் பின்னால் போனான், மறுபடி நின்றான், பிறகு உட்கார்ந்துவிட்டான். தலைக்கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு விரலை உயர்த்தினான். கோல் பிடித்த நடுவர் இருவருக்கும் நடுவில் கோலை நீட்டி, மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

"வெட்டு! வெட்டு! வெட்டு!"

அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மிக்கோவின் மேல் அவர்களுக்கு என்ன கோபம்? ஒரு கோபமும் இல்லை. போன வாரம் அவன் பெயரைச் சுவரில் எழுதியவர்கள்தான். அவர்களுக்கு சோசிமஸின் மடியை அவிழ்க்க வேண்டும், முன்னாள் அடிமை ஒருவன் தங்களுக்குக் கருணை கற்றுக்கொடுப்பதைத் தடுக்க வேண்டும். அதற்கு என் தம்பியின் கழுத்துதான் கிடைத்தது.

"விடு! விட்டுடு!" என்று கத்தினேன். எழுந்து நின்று, பலகையின் விளிம்புக்கே போய், தொண்டை கிழியக் கத்தினேன். விபியா என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, பிறகு என்ன தோன்றியதோ, அவளும் விடு விடு என்று கத்தினாள். மேலே பாய் அடித்துக்கொள்கிற சத்தம், கீழே ஆண்களின் சத்தம். எங்கள் சத்தம் எங்கள் காதுக்கே கேட்கவில்லை.

சோசிமஸ் எழுந்து நின்றார். அவருடைய கை மெல்ல உயர்ந்தது. எனக்கு அந்தக் கையைத் தெரியும். அது விடுவதற்குத்தான் உயர்ந்தது. அப்போது பக்கத்திலிருந்த பளிச்சென்ற வெள்ளை எழுந்தது. சுண்ணாம்பு தேய்த்த அங்கிக்குள்ளிருந்து நீண்ட கை, சோசிமஸின் கையைப் பிடித்து வெட்டு என்று காட்டுகிற பக்கம் திருப்பியது. ஒரு பிள்ளை அப்பாவின் தப்பைத் திருத்துகிற மாதிரி, கொஞ்சம் சிரித்துக்கொண்டேகூடச் செய்திருப்பான். நடுவர் கோலை எடுத்துக்கொண்டார்.

மிக்கோ மேடையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி உச்சி வரிசையைப் பார்த்தான். அத்தனை உயரத்தில் ஆயிரம் பெண்களுக்கு நடுவில் நான் எங்கே என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் பார்த்தான். பிறகு கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி எதிராளியின் தொடையைக் கட்டிக்கொண்டு கழுத்தைக் குனிந்து கொடுத்தான். எதிராளி நல்லவன், ஒரே குத்தில் முடித்துவிட்டான்.

"சபீனஸ்! சபீனஸ்! சபீனஸ்!" என்று ஊர் முழுக்க என் மகன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அரங்கின் கல்லெல்லாம் அதிர்ந்தது.

பெண்களுக்கு வெளிப்பக்கமாகத் தனிப்படி. சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். பிணங்களை எடுத்துப்போகிற பின்வாசலுக்கு நான் வந்தபோது சோசிமஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கியெல்லாம் வாந்தி எடுத்திருந்தார்.

"நான் காட்டல தல்லூ. என் கைய... அவன்தான்..."

"தெரியும். பாத்தேன்."

"அவனுக்குத் தெரியாதே. குழந்தைக்கு என்ன தெரியும்?"

"நீங்கதானே தெரிய வேணாம்னீங்க?"

கூடத்துக்காரன் வந்து நின்றான். முழு விலையையும் அங்கேயே வைக்கச் சொன்னான். மரவாளுக்காக நாங்கள் முடிந்து வைத்திருந்த அதே பைதான், அப்படியே எடுத்துக் கொடுத்தார் சோசிமஸ். உயிரோடு வாங்க வைத்திருந்த காசில் பிணத்தை வாங்கினோம். வாங்கியதால் அவன் எங்கள் சொத்து, எடுத்துப்போகலாம் என்றான். அழுக்குத் துணி ஏற்றுகிற எங்கள் வண்டியில் அவனைக் கிடத்தி, மேலே ஊராருடைய அங்கிகளைப் போட்டு மூடிக் கொண்டுவந்தேன். வழியில் இரண்டு மூன்று பேர் சோசிமஸின் தோளைத் தட்டி, கடைசியில் ஒருவழியாகக் காசை அவிழ்த்தாயே என்று பாராட்டினார்கள்.

வீட்டு முன்கூடத்தில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. சபைத்தலைவரே பத்துப் பேரோடு விருந்துக்கு வந்திருந்தார். குழல் வாசிக்கிறவன் வந்திருந்தான். நடுவில் சபீனஸ் சிரிக்கிற சத்தம் பட்டறைவரைக்கும் கேட்டது. நான் பின்வாசல் வழியாக மிக்கோவை உள்ளே கொண்டுவந்து, தொட்டிக்கரையில் படுக்கவைத்து, நல்ல தண்ணீரால் கழுவினேன். தழும்புகளை எண்ணவில்லை. எண்ண முடியாது.

கழுவி முடித்த பிறகு ஒரு முறை பாக்கி இருந்தது. எங்களில் யார் செத்தாலும், கண்ணை மூடியபின் இரத்த உறவுகள் சுற்றி நின்று பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். ஒருவேளை உயிர் இருந்தால் திரும்பிப் பார்ப்பான். திரும்பவில்லை என்றால்தான் அவன் செத்தவன். கூப்பிட ஆள் இல்லாமல் போகிறவன் நாய்க்குச் சமம்.

நான் மூச்சை இழுப்பதைப் பார்த்து சோசிமஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா தல்லூ. உன் கால்ல விழறேன். சபைத்தலைவர் இருக்கார். காதுல சொன்னாப் போதும்."

"மேலேருந்து அவ்வளவு கத்தினேன், அதுவே கேக்கல அவனுக்கு. காதுல சொன்னாக் கேக்குமா?"

கையை உதறிவிட்டுக் கூப்பிட்டேன். "மிக்கோ! மிக்கோ! மிக்கோ!"

குழல் நின்றுவிட்டது. செருப்புச் சத்தம் கேட்டது. பட்டறை வாசலில் சபீனஸ் வந்து நின்றான், கையில் மதுக்கிண்ணத்தோடு. அவனுக்குப் பின்னால் சபைத்தலைவரும் மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரும்மா செத்துட்டாங்க?" என்றான். பிறகு தொட்டிக்கரையைப் பார்த்தான். "இது மின்னல் இல்ல? இவன எதுக்கு நம்ம வீட்டுக்கு...?"

"மிக்கோ. உன் தாய்மாமன்."

"மாமா காய்ச்சல்ல செத்துட்டார்னு..." அவன் அப்பாவைப் பார்த்தான். சோசிமஸ் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்னத் தோள்ல தூக்கிச் சுமந்தவன்டா. ரத்த உறவு எல்லாரும் கூப்பிடணும். வா, கூப்பிடு."

கிண்ணம் சாய்ந்து மது அவன் அங்கியில் வழிந்தது. என் பிள்ளை உடைந்துபோனான், இதோ வந்து விழப்போகிறான் என்று நினைத்தேன். அவனை அணைத்துக்கொள்ளக் கையைக்கூட நீட்டினேன்.

அப்போது சபைத்தலைவர் முன்னால் வந்து அவன் தோளில் கை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், உண்மையாகவே.

"பாத்தீங்களாய்யா?" என்று மற்றவர்களிடம் சொன்னார். "ஊருக்காகச் சொந்த மாமனையே குடுத்திருக்கான். பெத்தவர் கை நடுங்கினப்பக்கூட இவன் கை நடுங்கல. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல இப்படி ஆளுங்க இருந்தாங்கன்னு கேட்டிருக்கோம். இவனுக்கு முதல் வரிசை குடுக்கலன்னா வேற யாருக்குக் குடுக்கறது?"

ஆமாம், ஆமாம் என்றார்கள் எல்லோரும். சபீனஸ் என்னைப் பார்த்தான், மிக்கோவைப் பார்த்தான், பிறகு அவர்களைப் பார்த்தான். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறான் என்று நம்பினேன்.

"நன்றிங்க ஐயா" என்றான்.

அவர்கள் அவனை அழைத்துக்கொண்டு முன்கூடத்துக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் குழல் மறுபடி ஆரம்பித்தது. நானும் மறுபடி மிக்கோவைக் கூப்பிட்டேன்.